பழைய உலக சினிமா: திரையரங்குக்காகக் காத்திருப்பதா, வீட்டிலேயே பார்த்துவிடுவதா?

தரை டிக்கெட் (பாளையங்கோட்டை)

நான் இருப்பது பாளையங்கோட்டையில். புதுப் படங்களுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் வங்காளத்தின் சத்யஜித் ராயையோ ஜப்பானின் யசுஜிரோ ஓசுவையோ பெரிய திரையில் பார்க்க வழியே கிடையாது. ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யை ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். நான் மதிக்கும் ஒரு நண்பர், "அதை முதன்முதலாக டிவியில் பார்த்துக் கெடுத்துக்கொள்ளாதே, திரையரங்கில் போடும்போது பார்" என்று சொல்லிவிட்டார். சரி என்று இருந்தேன். இப்போது யோசித்தால், இப்படிக் காத்திருந்தே பெரிய பட்டியல் சேர்ந்துவிட்டது. அபு என்ற சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் ராயின் மூன்று படங்கள், ஈரானின் கியாரோஸ்தமி எடுத்த 'குளோஸ்-அப்', பழைய கொரியப் படங்கள் என்று எதையும் தொடவில்லை.

நம் படங்களுக்கே இதுதான் நிலைமை. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. மேலூர்ப் பக்கத்து வெயிலில் எடுத்த படம். ஆனால் 2023 அக்டோபரில் நேரே ஓடிடிக்குத்தான் வந்தது. அந்த வெயிலை நான் பெரிய திரையில் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அது கிடைக்கவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். என்னை மாதிரி சின்ன ஊரில் இருப்பவன் காத்திருக்கத்தான் வேண்டுமா?

இரவுரயில் (சென்னை)

காத்திருங்கள் நண்பரே. ஆனால் சும்மா உட்கார்ந்து காத்திருக்காதீர்கள், படம் ஓடும் ஊருக்குக் கிளம்பிப் போங்கள். டிசம்பர் வந்தால் திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாடமியின் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பகல் பயணம்தான். நாங்கள் எழும்பூரிலிருந்து அனந்தபுரியில் ராத்திரி ஏறிப் போகிறோம். டாகூர் தியேட்டர், கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே ஊருக்குள் அரங்கு மாறி அரங்கு ஓடலாம். பெயரே கேள்விப்படாத இயக்குநரின் படத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். இடம் இல்லாவிட்டால் படியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். சென்னையிலும் இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003-லிருந்து டிசம்பர் விழா நடத்துகிறது. ஆண்டு நெடுக ராஜா அண்ணாமலைபுரம் டாகூர் ஃபிலிம் சென்டர், அலையன்ஸ் பிரான்சேஸ் பக்கமும் ஏதாவது திரையிடல் இருந்துகொண்டே இருக்கும்.

அரங்கில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், முதலில் சத்தத்தைச் சொல்வேன். 'பதேர் பாஞ்சாலி'யில் அபுவும் துர்காவும் நாணற்பூ வெளியில் ரயில் பார்க்கப் போகும் இடம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் இருவரும் தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்பார்கள். அந்த ரீங்காரம் அரங்கில் நம் தலைக்குள்ளேயே வந்துவிடும். அப்புறம் அப்பா ஊரிலிருந்து திரும்பி வரும் காட்சி. துர்காவுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். மகள் செத்துப்போனது அவருக்குத் தெரியாது. அம்மா வாய்விட்டு அலறுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார்ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் அழுகிறது. முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்கும்போது படம் வேறு உயரத்துக்குப் போகிறது.

இன்னொன்று, நிறுத்தும் பொத்தான் நம் கையில் இல்லை. மெதுவான படங்களுக்கு இது உயிர்நாடி. 2024-இல் 'கொட்டுக்காளி' வெளியானபோது முதல் வாரமே போனேன். பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோ சத்தம், காற்று, சேவல், ஆட்களின் பேச்சு, அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் பக்கத்து இருக்கைக்காரர் நெளிந்தார். அப்புறம் அவரும் அந்த வேகத்துக்கு வந்துவிட்டார். வீட்டில் என்றால் அந்தப் பத்தாவது நிமிடத்தில் கை ஃபோனுக்குப் போயிருக்கும்.

மாடிவீடு (மதுரை)

//உங்கள் ஊரிலிருந்து பகல் பயணம்தான்//

இரவுரயில் அண்ணா, உங்கள் பதிவுகளை விரும்பிப் படிப்பவள் நான். ஆனால் இந்த வரி யாருக்காக எழுதப்பட்டது? டிசம்பர் என்றால் என் வீட்டில் அரையாண்டுத் தேர்வு. இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு வாரம் வெளியூர் போய்ப் படம் பார்க்க எத்தனை பெண்களால் முடியும்? எனக்குத் தெரிந்த உலக சினிமா முழுவதும் ராத்திரி பத்தரைக்கு மேல் என் வீட்டுக் கூடத்தில் பார்த்ததுதான். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

விழாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நாளில் நான்கு, ஐந்து படங்கள் பார்த்தால் மூன்றாவது படத்துக்கு மேல் மனதில் எது நிற்கும்? நான் ஒரு மாதம் ஒரே இயக்குநரை எடுத்துக்கொள்கிறேன். வந்த வரிசைப்படி பார்க்கிறேன். ஒரு படம் பார்த்துவிட்டு இரண்டு மூன்று நாள் சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருப்பேன். பிடித்த காட்சியை மறுபடி போட்டுப் பார்ப்பேன். எந்த அரங்கும் எனக்கு இதைத் தராது.

தரை டிக்கெட், வீட்டில் பார்ப்பதாக முடிவெடுத்தால் முதலில் டிவி செட்டிங்கைச் சரிசெய்யுங்கள். படம் விநாடிக்கு 24 பிரேமில் எடுக்கப்பட்டது. இப்போது வரும் டிவிகள் நடுநடுவே தாங்களாகவே பிரேம்களைச் செய்து சொருகுகின்றன. அதனால் எல்லாப் படமும் சீரியல் மாதிரி வழுவழுவென்று ஓடும். மெனுவில் 'மோஷன்' என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். 'ஃபில்ம்மேக்கர் மோட்' இருந்தால் வேலை இன்னும் சுலபம். அடுத்தது சட்டகம். ஐம்பதுகளுக்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரமானவை, 1.37:1. நம் டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும், வரட்டும். அதைப் பொறுக்காமல் ஜூம் செய்தால் மேலேயும் கீழேயும் வெட்டுப்படும். ஓசு கேமராவைப் பாயில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்கும் கீழே இறக்கி வைப்பவர். தரை, கதவு, தேநீர்க் கோப்பை எல்லாவற்றையும் அளந்து வைத்திருப்பார். ஜூம் செய்தால் அந்த அளவெல்லாம் போய்விடும்.

மற்றபடி விளக்கை அணையுங்கள், ஹெட்ஃபோன் போடுங்கள், ஃபோனை வேறு அறையில் வையுங்கள். ஒரே மூச்சில் பாருங்கள். தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்குங்கள்.

பணம் செலவழிக்காமலும் தொடங்கலாம். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தன் பழைய படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ரஷ்யாவின் மோஸ்ஃபிலிம் ஸ்டுடியோவும் அப்படித்தான், இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் படங்களே கிடைக்கும். இவற்றைத் திருட்டுப் பிரதி என்று யாரும் சொல்ல முடியாது, உரிமையாளர்களே போட்டவை.

பழைய சஃபையர் (சென்னை)

என் காலத்துக் கதை ஒன்று. அண்ணா சாலையில் சஃபையர் வளாகம் இருந்தது. அதில் ப்ளூ டயமண்டில் தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், பாதியிலிருந்து பார்க்கலாம், அடுத்த சுற்றில் முதல் பாதியைப் பார்த்துவிட்டு வரலாம். வெயிலுக்கு ஒதுங்கி ஏசியில் தூங்க வந்தவர்கள்கூட உண்டு. பல நல்ல படங்களை நான் இப்படித்தான் பின்பாதி, முன்பாதி என்று பார்த்தேன். அப்புறம் தூர்தர்ஷன் ஞாயிறு மதியம். விருது வாங்கிய வங்காள, மலையாள, கன்னடப் படங்களை சப்டைட்டிலோடு போடுவார்கள். வங்காள இயக்குநர் மிருணாள் சென்னின் படங்களை நான் பார்த்தது பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில், நடுவில் மின்சாரம் போய் வந்து. பிற்பாடு பர்மா பஜார் டிவிடி வந்தது. இந்த ஊரில் சினிமா கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேர் அங்கே குனிந்து தேடியவர்கள்தான்.

முதல் பார்வை, முதல் பார்வை என்று அதைப் பெரிதாக்க வேண்டாம் தம்பி. நல்ல படம் மூன்றாவது முறையும் புதிதாக இருக்கும்.

நெகட்டிவ் கட்டர் (சென்னை)

கோடம்பாக்கம் லேப்களில் நெகட்டிவ் கட்டிங், அதாவது மூலச் சுருளை வெட்டி ஒட்டும் வேலை, பார்த்தவன் நான். அரங்கா வீடா என்று இவ்வளவு பேசுகிறீர்கள். எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே. எனக்கு அதுதான் முதல் கேள்வி. கீறல் விழுந்து, வெளுத்து, சத்தம் தேய்ந்த பிரிண்ட்டைப் பெரிய திரையில் பார்ப்பதைவிட, ஒழுங்காக மீட்ட பிரதியை நல்ல டிவியில் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இரவுரயில் சொன்ன 'பதேர் பாஞ்சாலி'யையே எடுத்துக்கொள்வோம். 1992-இல் ராய்க்குக் கௌரவ ஆஸ்கர் கொடுக்க முடிவானபோது, விழாவில் போடத் துண்டுக் காட்சிகள் தேடினார்கள். நல்ல பிரிண்ட் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அதன் பிறகு அவருடைய நெகட்டிவ்களை லண்டனில் ஹெண்டர்சன் லேபுக்கு அனுப்பினார்கள். 1993 ஜூலையில் அங்கே தீப்பிடித்தது. அபு படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்களும் அதில் மாட்டின. கருகி, உருகி, ஒட்டிப்போன சுருள்களை எந்த லேபும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கும். ஆனால் ஆஸ்கர் வழங்கும் அமெரிக்க அகாடமியின் ஆவணக் காப்பகம் அந்தக் கரித்துண்டுகளைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருந்தது. இருபது வருடம் கழித்து, பழைய படங்களை டிஸ்க்காக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் அதைக் கையில் எடுத்து, இத்தாலியில் போலோன்யா நகரத்து லிம்மாஜினே ரித்ரோவாத்தா லேபுக்கு அனுப்பியது. காய்ந்து சுருங்கிய ஃபிலிமுக்கு ஈரம் ஏற்றி, ஒட்டிய சுற்றுகளைப் பிரித்து, ஓரத் துளைகளைப் புதிதாகப் பொருத்தி, கையாலேயே ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் வேலை செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதம், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கும் மேல் மூல நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. 'அபுர் சன்சார்' நெகட்டிவில் பயன்படுத்தும்படி எதுவும் மிஞ்சவில்லை. மீதியை வெவ்வேறு காப்பகங்களில் இருந்த டூப் நெகட்டிவ், மாஸ்டர் பாசிட்டிவ் போன்ற நகல் சுருள்களிலிருந்து சேர்த்தார்கள். 2015 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 4கே என்ற மிகத் துல்லியமான டிஜிட்டல் பிரதியாகத் திரையிட்டார்கள். 1955-இல் 'பதேர் பாஞ்சாலி' முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் அதே இடத்தில்தான்.

ஃபிலிம் துண்டுகளை இணைக்கும் ஒட்டு (ஸ்பிளைஸ்) ஒன்று சரியாக விழவில்லை என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்திய கை என்னுடையது. எரிந்த நெகட்டிவில் பிரேம் பிரேமாக உட்கார்ந்த அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

தம்பி காத்துக்கொண்டிருக்கும் 'டோக்கியோ ஸ்டோரி'யின் மூல நெகட்டிவும் தீயில் போனதுதான். இன்று உலகம் முழுவதும் பார்ப்பது அடுத்தகட்டப் பிரதிகளிலிருந்து, படத்தைத் தயாரித்த ஷோச்சிகு நிறுவனம் மீட்டெடுத்ததை. அதனால் அதை எங்கே பார்த்தாலும் மீட்டெடுத்த பிரதியாகப் பார்.

நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால் வயிற்றெரிச்சல்தான். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். ஒரு துண்டுகூட இல்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்' படச்சுருளும் இல்லை. 2003-இல் புனேயில் அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சுருள்கள் எரிந்தன. நைட்ரேட் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதற்குப் பின் வந்த அசிடேட் ஃபிலிம் அப்படி எளிதில் பற்றிக்கொள்ளாது, ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் புளித்துப்போகும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் சுருளின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று அர்த்தம். கடற்கரை ஊரான சென்னையில் ஏசி இல்லாத அறைகளில் எத்தனை டப்பா அப்படிக் கிடந்தன என்று எனக்குத் தெரியும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. உதய் சங்கர் 1948-இல் நம் ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த நடனப் படம் 'கல்பனா'. நாட்டியப் பேரொளி பத்மினி முதலில் முகம் காட்டியதும் அதில்தான். மார்ட்டின் ஸ்கார்செஸியின் வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட் அதை மீட்டு 2012-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'தம்பு' 2022-இல் கானுக்குப் போனது. மூல நெகட்டிவ் இல்லாததால் புனே காப்பகத்திலிருந்த ஒரு பிரிண்ட்டிலிருந்து டூப் எடுத்து ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் செய்த வேலை அது. அதில் ஒரு பங்கு சென்னை பிரசாத் ஸ்டுடியோவில் நடந்தது.

டிஸ்க் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவில் வாங்கும் ப்ளூ-ரே பெரும்பாலும் மண்டலம் ஏ. இந்தியா மண்டலம் சி. சாதாரண பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது.

இரவுரயில்

மாடிவீடு தங்கச்சி, நீங்கள் சொல்வது புரிகிறது. விழா எல்லோருக்கும் எட்டாது. அப்படியென்றால் படத்தை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். அரங்கே வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நெகட்டிவ் கட்டர் சார், நீங்கள் சொன்ன மீட்டெடுத்த பிரதியை வைத்தே கேட்கிறேன். அந்த 4கே வேலையெல்லாம் எதற்கு? பெரிய திரையில் போடத்தானே? 2024 டிசம்பரில் ராஜ் கபூர் நூற்றாண்டுக்கு அவருடைய பத்துப் படங்களை 40 நகரங்களில் ஓட்டினார்கள். இந்திப் பழைய படத்துக்கு முடிகிறது என்றால் ராய்க்கும் ஓசுவுக்கும் ஏன் முடியாது? நாம் கேட்காததால்தான் போடவில்லை. டிவியில் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டால் இனியும் கேட்க மாட்டோம்.

பண்ணைக்கடல் (யாழ்ப்பாணம்)

இங்கே இருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கும் உலக சினிமா என்றால் நெடுங்காலம் வீட்டுக்குள் மட்டும்தான். 2015-இல் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கின பிறகுதான் பக்கத்து நாட்டுப் படத்தைக்கூட முன்பின் தெரியாத ஆட்களோடு இருந்து பார்க்கிற பழக்கம் வந்தது. படம் முடிந்த பிறகு வெளியில் நின்று கதைப்போம். ஒரு சிங்களப் படம் முடிந்து கொழும்பிலிருந்து வந்த பெடியனும் இங்கத்தைய ஆசிரியர் ஒருவரும் அரைமணி நேரம் நின்று கதைத்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தனியப் பார்த்திருந்தால் அந்த இரண்டு பேரும் சந்தித்தே இருக்க மாட்டார்கள். அரங்கைப் பற்றி நான் சொல்ல வந்தது அதைத்தான். திரை எவ்வளவு பெரிது என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை.

தமிழ்நாட்டு நண்பர்கள் சிங்கள இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் படங்களைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். முதல் சிங்களப் பேசும் படம் 1947-இல் மதுரையில் எடுக்கப்பட்டது தெரியுமா? தயாரித்தவர் எஸ்.எம். நாயகம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டுடியோக்களில் அதே வார்ப்பில்தான் வந்தன. லெஸ்டர் 1956-இல் 'ரேகாவ'வுக்காகக் கேமராவை ஊருக்குள் கொண்டுபோனார். 1963-இல் வந்த 'கம்பெரலிய' டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது வென்றது. அதைத் தொகுத்தவர் பிறகு அவர் மனைவியான சுமித்ரா. சுமித்ரா 1978-இல் தானே இயக்கிய 'கெஹெனு லமய்' மீட்கப்பட்டு 2025-இல் கானில் போடப்பட்டது. நெகட்டிவ் கட்டர் ஐயா சொல்லும் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செய்த வேலைதான் அது.

தரை டிக்கெட்

எல்லோருக்கும் நன்றி. எவ்வளவு விஷயம்! சனிக்கிழமை ராத்திரி 'டோக்கியோ ஸ்டோரி' பார்த்துவிட்டேன். மீட்டெடுத்த பிரதி, மாடிவீடு அக்கா சொன்ன செட்டிங், விளக்கில்லாத அறை. கேமரா கிட்டத்தட்ட நகர்வதே இல்லை, ஆனாலும் 136 நிமிடம் போனதே தெரியவில்லை. பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்கு வந்த தாய் தந்தையரைப் பாரமாக நினைத்து வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கும் இடம் எனக்கு மிகவும் வலித்தது. எங்கள் தெருவிலேயே அந்த வீடுகள் இருக்கின்றன. காத்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் பார்த்து முடித்ததும் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது, பேச ஆள் இல்லை. பண்ணைக்கடல் எழுதியதை அதன் பிறகு இன்னொரு தடவை படித்தேன். இங்கே நூலகத்தில் ஒரு கூடம் இருக்கிறது. நண்பர் ஒருவரிடம் புரொஜெக்டரும் இருக்கிறது. மாதம் ஒரு படம் போடலாம் என்று நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். கொரியப் படத்திலிருந்து தொடங்கலாமா? யூடியூபில் இருப்பதை அப்படியே போட்டுவிடலாமா?

மாடிவீடு

நீங்கள் தொடங்கினால் பள்ளி விடுமுறை மாதத்தில் பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்துவிடுவேன்.

யூடியூபில் இலவசமாக இருந்தாலும் பொதுக் கூடத்தில் போட அனுமதி தனியாக வாங்க வேண்டும். கொரியக் காப்பகத்துக்கு நேரடியாக எழுதுங்கள், சென்னையில் இந்திய-கொரியக் கலாச்சார அமைப்பான இன்கோ மையத்தையும் கேட்டுப் பாருங்கள். ஜெர்மன் படங்களுக்கு கோதே நிறுவனம், பிரெஞ்சுப் படங்களுக்கு அலையன்ஸ், ஜப்பானியப் படங்களுக்கு ஜப்பான் ஃபவுண்டேஷன். இவர்கள் எல்லோரும் கட்டணம் வாங்காத கலாச்சாரத் திரையிடலுக்கென்றே படங்கள் வைத்திருக்கிறார்கள். சங்கமாகப் பதிவு செய்துவிட்டால் ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பிலும் சேரலாம். 1959-இல் அது உருவானபோது முதல் தலைவர் ராய்தான். டிக்கெட் போடாதீர்கள், அங்கேதான் சிக்கல் வரும்.

அப்புறம், பெண்கள் வரவேண்டும் என்றால் காட்சியை ஞாயிறு மதியம் வையுங்கள். ராத்திரி ஏழு மணிக்கு வைத்தால் யாரும் வர முடியாது.

நெகட்டிவ் கட்டர்

முதல் படமாக கிம் கி-யங்கின் 'ஹவுஸ்மெய்ட்' போடு தம்பி, 1960-இல் வந்தது. தூங்குகிற ஆள்கூட நிமிர்ந்து உட்காருவான். திரையிடலுக்கு முன் பார்வையாளர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவை. மூல நெகட்டிவ் கிடைத்தபோது அதில் 5, 8 என்ற இரண்டு ரீல் இல்லை. பிறகு கையால் எழுதிய ஆங்கில சப்டைட்டிலோடு ஒரு பிரிண்ட் அகப்பட்டது. அதிலிருந்து அந்த இரண்டு ரீலை எடுத்து, படத்தின் மேல் கிடந்த எழுத்துகளைப் பிரேம் பிரேமாக அழித்து 2008-இல் சேர்த்தார்கள். உன்னிப்பாகப் பார்த்தால் ஓரிடத்தில் படம் சட்டென்று மங்கும், ஒளி திட்டுத்திட்டாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி துலங்கும். அந்த இடம் வரும்போது புரொஜெக்டரில் கோளாறு என்று நினைத்து ஃபோகஸைத் திருகிவிடாதே.

புரொஜெக்டரின் வெளிச்சம் எத்தனை லூமன், கூடத்தில் ஜன்னல் எத்தனை என்று எழுது. மதியக் காட்சி என்றால் முதலில் வேண்டியது கறுப்புத் திரைச்சீலை. எவ்வளவு துணி ஆகும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.